ஒரு கையெழுத்தும் ஏழு ஆண்டுகளும்: நீதிபதி ஜோனதன் ஜாஸ்பர் ரைட்

தென் கரோலினா மாநில உச்ச நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புத் தொகுதிகளில் 1870 முதல் 1877 வரை மூன்று பெயர்கள் மாறி மாறி வரும். மோசஸ், வில்லர்ட், ரைட். கடன் பாக்கி, நிலத் தகராறு, உயில் வழக்கு, ரயில் கம்பெனி வழக்கு என்று வரிசையாகப் போகும் அந்தப் பக்கங்களைப் புரட்டும் ஒருவருக்கு, மூன்றாவது பெயருக்கு உரியவர் கறுப்பினத்தவர் என்று தெரிய வழியே இல்லை. தீர்ப்பின் நடையில் அப்படி எந்த அடையாளமும் கிடையாது.

ஜோனதன் ஜாஸ்பர் ரைட் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது 1870 பிப்ரவரியில். ஐந்து ஆண்டுகளுக்கு முன்புவரை மனிதர்களைத் தலைக்கு இவ்வளவு என்று விலை பேசி விற்ற மாநிலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கத் தேடினாலும், அமெரிக்காவின் எந்த மாநில உச்ச நீதிமன்றத்திலும் இன்னொரு கறுப்பின நீதிபதி கிடைக்க மாட்டார். இவர் ஒருவர்தான். முதலில் மாநில மேல்சபை உறுப்பினர், அப்புறம் நீதிபதி.

ஆனாலும் பல காலம் இவர் பேசப்பட்டது இதற்காக அல்ல. 1877இல் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டு, இரண்டொரு நாளில் அதைத் திரும்பப் பெற்றவர் என்பதற்காக. ஏழு ஆண்டு வேலையை ஒரு கையெழுத்துக்குள் சுருக்கிவிட்டார்கள். அது அநியாயம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்வதற்கு முதலிலிருந்து வர வேண்டும்.

ரைட் பிறந்தது 1840 பிப்ரவரி 11, பென்சில்வேனியாவின் லூசெர்ன் கவுண்டியில். கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல. அடிமை முறை இல்லாத வட மாநிலம் அது. சுதந்திர மனிதனாகவே பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் பக்கத்து கவுண்டியில் உள்ள மான்ட்ரோஸ் ஊருக்குக் குடிபெயர்ந்தது. நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்காவில் படித்தார், திரும்பி வந்து பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே மான்ட்ரோஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் சட்டம் படித்தார். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பெரும்பாலானவர்கள் வக்கீல் ஆனது இப்படித்தான். சட்டக் கல்லூரி என்பது அபூர்வம். ஒரு சீனியரிடம் சேர்ந்து, அவர் அலமாரியில் இருக்கும் புத்தகங்களைப் படித்து, மனுக்களை நகல் எடுத்து, கடைசியில் உள்ளூர் வழக்கறிஞர் குழுவின் முன் தேர்வுக்கு நிற்க வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால், வக்கீல் தொழில் செய்வதற்கான சன்னது கிடைக்கும்.

ரைட்டுக்கு அந்தத் தேர்வே கிடைக்கவில்லை. தோற்றிருந்தால் வேறு விஷயம். கறுப்பினத்தவரைத் தேர்வு செய்ய முடியாது என்று குழு மறுத்துவிட்டது. வடக்கில் அடிமை முறை இல்லை என்பதற்கும் சமமாக நடத்தினார்கள் என்பதற்கும் எவ்வளவு தூரம் என்பது இங்கே தெரியும். இதே பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க்கில் ஜார்ஜ் வாஷன் என்ற இன்னொரு கறுப்பின இளைஞரையும் 1847இல் இப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். ரைட்டுக்கு நடந்தது தனி ஒரு குழுவின் குணம் அல்ல, ஊர் வழக்கம்.

1864 அக்டோபரில் நியூயார்க்கின் சிராக்யூஸ் நகரில், அடிமை முறையை எதிர்த்த கறுப்பினத் தலைவர் ஃபிரெடெரிக் டக்ளஸ் தலைமையில், கறுப்பினத்தவரின் தேசிய மாநாடு கூடியது. ரைட் அதில் பிரதிநிதி. அடிமை முறையை வைத்து வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த உள்நாட்டுப் போர் இன்னும் முடியவில்லை, ஆனால் போருக்குப் பிறகு ஓட்டுரிமை வேண்டும் என்ற பேச்சு அங்கே ஆரம்பித்துவிட்டது. அடுத்த ஆண்டு ஒரு கிறிஸ்தவ மிஷன் சங்கம் ரைட்டைத் தென் கரோலினாவின் பியூஃபர்ட்டுக்கு அனுப்பியது. விடுதலை பெற்ற மக்களுக்கும் கறுப்பினப் படைவீரர்களுக்கும் எழுதப் படிக்கச் சொல்லித் தரும் வேலை.

பியூஃபர்ட் சாதாரண ஊர் அல்ல. கடலோரத் தீவுகள் நிறைந்த அந்தப் பகுதியை வடக்கின் கப்பற்படை 1861 நவம்பரிலேயே பிடித்துவிட்டது. தோட்ட முதலாளிகள் ஓடிவிட்டார்கள். பருத்தி வயல்களும் அதில் வேலை செய்தவர்களும் மிஞ்சினார்கள். தெற்கின் மற்ற இடங்களில் விடுதலை 1865இல் வந்தபோது, பியூஃபர்ட் மக்களுக்குப் பள்ளிக்கூடமும் கூலிக் கணக்கும் நாலு வருடம் பழகிப்போயிருந்தது. போர்க்காலத்தில் எதிரிப்படையின் கப்பலையே ஓட்டிக்கொண்டு வந்து வடக்கிடம் ஒப்படைத்த ராபர்ட் ஸ்மால்ஸின் ஊரும் இதுதான். ரைட்டின் அரசியல் வாழ்வுக்கு இதைவிட நல்ல மண் கிடைத்திருக்காது.

1866 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றம் முதல் குடிமை உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அமெரிக்காவில் பிறந்தவர்கள் எந்த நிறமானாலும் குடிமக்கள், ஒப்பந்தம் செய்யவும் வழக்குப் போடவும் சாட்சி சொல்லவும் எல்லாருக்கும் ஒரே உரிமை என்றது அந்தச் சட்டம். ரைட் நேராக மான்ட்ரோஸுக்குத் திரும்பிப் போனார். தேர்வு வையுங்கள் என்று கேட்டார். இந்த முறை வைத்தார்கள். தேறினார். பென்சில்வேனியாவில் வக்கீல் சன்னது பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

அந்தச் சன்னதோடு அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் 1867இல் மறுபடி பியூஃபர்ட். இந்த முறை ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் சட்ட ஆலோசகராக. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் நலனுக்காக மத்திய அரசு ஏற்படுத்திய அலுவலகம் அது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயி கைநாட்டு வைத்த கூலி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, விளைச்சலில் பங்கு எவ்வளவு, முதலாளி கழித்துக்கொண்ட தொகை நியாயமா என்று பார்த்துச் சொல்வதுதான் அந்த இடத்தில் சட்ட ஆலோசனை. ரைட் அரசியலுக்கு வந்தது மேடையிலிருந்து அல்ல. இந்த மாதிரிக் காகிதங்களிலிருந்துதான்.

1868 ஜனவரியில் தென் கரோலினாவுக்குப் புதிய அரசியல் சட்டம் எழுத சார்லஸ்டனில் பேரவை கூடியது. 124 பிரதிநிதிகள். அதில் கறுப்பினத்தவர் 76 பேர். இந்த எண்ணிக்கை பெரிய சலுகையின் விளைவு என்று நினைக்க வேண்டாம். 1860 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மக்கள் தொகை சுமார் 7 லட்சம், அதில் 4 லட்சத்துக்கு மேல் அடிமைகள். பெரும்பான்மையாக இருந்தவர்கள் முதல் முறையாகப் பெரும்பான்மையாகக் கணக்கில் வந்தார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பேரவையின் துணைத் தலைவர்களில் ஒருவர் ரைட். நீதித்துறைப் பகுதியை வடித்த குழுவிலும் இருந்தார். இரண்டு மாதத்தில் எழுதி முடித்த அந்தச் சட்டம் பல விஷயங்களில் முன்னோடி. சொத்து இருந்தால்தான் பதவி என்ற விதி போனது. கடனுக்காகச் சிறையில் போடும் வழக்கம் போனது. எல்லா இனக் குழந்தைகளுக்கும் இலவசப் பொதுப் பள்ளி வந்தது. திருமணமான பெண்ணின் சொத்து கணவனின் கடனுக்குப் போகாது என்று ஆனது. வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் ஓட்டுரிமை. வில்லியம் விப்பர் என்ற கறுப்பின உறுப்பினர் பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று பேசினார். அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

நீதிபதிகளை எப்படி நியமிப்பது? சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு. இதுதான் பேரவை எடுத்த முடிவு. கவர்னர் நியமனமும் இல்லை, மக்கள் ஓட்டும் இல்லை. சட்டமன்றத்தில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர்கள் கையில் நீதிமன்றம் என்று அர்த்தம். ரைட் மேலே வந்ததும் இந்த ஏற்பாட்டால், கீழே இறக்கப்பட்டதும் இதே ஏற்பாட்டால். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் நடப்பது எளிதாகப் புரியும்.

இந்த மாநில உச்ச நீதிமன்றம் என்பதையும் ஒரு வார்த்தை விளக்கிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியல் சட்டம், தனி உச்ச நீதிமன்றம். நம் உயர் நீதிமன்றம் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம்: மாநிலச் சட்டம் சம்பந்தப்பட்ட கேள்வியில் அதன் தீர்ப்பே இறுதி. வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றம் மத்திய சட்டமோ தேசிய அரசியல் சட்டமோ சம்பந்தப்பட்டால்தான் தலையிடும். அதனால் அந்த மூன்று நாற்காலிகளுக்கும் பெரிய அதிகாரம் இருந்தது.

புதிய சட்டத்தின் கீழ் நடந்த தேர்தலில் ரைட் பியூஃபர்ட்டிலிருந்து மாநில மேல்சபைக்குப் போனார். 1868 செப்டம்பரில் ரைட், விப்பர், ராபர்ட் பிரவுன் எலியட் ஆகிய மூவரும் ஒன்றாகத் தென் கரோலினாவில் வக்கீல் சன்னது பெற்றார்கள். அந்த மாநிலத்தில் சன்னது பெற்ற முதல் கறுப்பினத்தவர்கள் இவர்கள்தான். எலியட் பின்னால் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனவர்.

மேல்சபை உறுப்பினராக இருந்த காலத்தில் நடந்த ஒன்று அவர் குணத்தைக் காட்டும். முதல் வகுப்புச் சீட்டோடு ரயிலில் போனவரை அந்தப் பெட்டியிலிருந்து வெளியேற்றினார்கள். ரைட் ரயில் கம்பெனிமீது வழக்குப் போட்டார், இழப்பீடும் வாங்கினார். அவமானம் நடந்தால் அதைக் காகிதத்தில் எழுதி, நீதிமன்றத்தில் வைத்து, பதில் கேட்பது. மான்ட்ரோஸில் தேர்வு கேட்டு நின்றதும் இதே குணம்தான். சட்டத்தை அவர் உண்மையாகவே நம்பினார்.

1870இல் சாலமன் ஹோக் என்ற நீதிபதி அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகிவிட்டதால் ஓர் இடம் காலியானது. சட்டமன்றத்தின் இரு சபைகளும் ஓட்டுப் போட்டன. போட்டியில் விப்பரும் இருந்தார், முன்னாள் கவர்னர் ஜேம்ஸ் ஓரும் இருந்தார். பிப்ரவரி 1 அன்று ரைட் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் முழுப் பதவிக்காலத்துக்கும் மீண்டும் தேர்வானார். அப்போது அவருக்கு வயது 30.

அவரோடு அமர்ந்த மற்ற இருவரில் தலைமை நீதிபதி ஃபிராங்க்ளின் மோசஸ் உள்ளூர்க்காரர், பழைய மாநில அரசியலில் நெடுநாள் இருந்த யூதர். இன்னொருவர், வில்லர்ட், நியூயார்க் வக்கீல். போரின்போது கறுப்பினப் படைப்பிரிவின் அதிகாரியாகத் தெற்கே வந்து தங்கிவிட்டவர். உள்ளூர் வெள்ளையர், வடக்கத்தி வெள்ளையர், வடக்கத்திக் கறுப்பினத்தவர். மறுகட்டமைப்புக் காலம் என்று சொல்லப்படும் அந்தப் பத்தாண்டுகளின் தெற்கை மூன்று நாற்காலிகளில் உட்கார வைத்தது போல இருந்தது அந்த நீதிமன்றம்.

அங்கே வந்த வழக்குகளை யோசித்துப் பாருங்கள். போருக்கு முன் ஒருவர் இன்னொருவரிடம் அடிமைகளை வாங்கியிருக்கிறார். பணத்துக்குப் பதில் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார். போர் முடிந்தது, அடிமைகள் சுதந்திர மனிதர்கள். பத்திரம் மட்டும் கையில் இருக்கிறது. விற்றவர் பாக்கியைக் கேட்கிறார். இல்லாத சொத்துக்கு நான் ஏன் பணம் தர வேண்டும் என்கிறார் வாங்கியவர். 1868 அரசியல் சட்டம் இந்தக் கடன்கள் செல்லாது என்று எழுதியது. ஆனால் எந்த மாநிலமும் ஏற்கெனவே செய்த ஒப்பந்தத்தைக் குலைக்கக் கூடாது என்று தேசிய அரசியல் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. கடைசியில் 1872இல் வாஷிங்டன் உச்ச நீதிமன்றம், ஆர்கன்சாஸ், ஜார்ஜியா மாநிலங்களிலிருந்து வந்த வழக்குகளில், அப்படிப்பட்ட கடனையும் வசூலிக்கலாம் என்றே தீர்ப்பளித்தது. மனிதன் விடுதலையாகிவிட்டான், அவனுக்கு எழுதிய விலைப் பத்திரத்துக்கு மட்டும் உயிர் போகவில்லை. எழுத்தில் படிப்பதற்கே மனம் கூசும் கேள்வி இது. இந்த மாதிரிக் கேள்விகள் புழங்கிய நீதிமன்றத்தில்தான் ரைட் உட்கார்ந்திருந்தார்.

தினசரி வேலை இப்படிப் பரபரப்பானது அல்ல. சுமார் ஏழு ஆண்டுகளில் ஏறத்தாழ 425 வழக்குகள் அந்த அமர்வின் முன் வந்தன. அதில் 90 வழக்குகளுக்கு ரைட் தீர்ப்பு எழுதினார். மேல்முறையீட்டுக் கெடு, கவுண்டி அதிகாரிகளின் வரம்பு, அடமான நிலத்தில் யாருக்கு முதல் உரிமை, உயிலில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று சலிப்பான, அவசியமான விஷயங்கள். நான் முதலில் சொன்ன அந்தப் பக்கங்கள்தான். ஒரு நீதிபதியை எடை போட வேண்டுமானால் அங்கேதான் போட வேண்டும். அவரைத் திட்டியவர்கள் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை.

சரி, 1876க்கு வருவோம்.

அந்த ஆண்டு தென் கரோலினாவில் கவர்னர் தேர்தல். குடியரசுக் கட்சியின் சார்பில் பதவியிலிருந்த டேனியல் சேம்பர்லெய்ன். அன்றைய குடியரசுக் கட்சி லிங்கனின் கட்சி, கறுப்பினத்தவர் ஓட்டில் நின்ற கட்சி. இன்றைய நிலையை வைத்துப் பார்த்தால் குழம்பிவிடும். எதிர்த்து நின்றவர் ஜனநாயகக் கட்சியின் வேட் ஹாம்ப்டன், தெற்குப் படையின் முன்னாள் ஜெனரல், பெரிய தோட்ட முதலாளிக் குடும்பம். அவருக்காகச் சிவப்புச் சட்டை போட்ட குதிரைப்படைகள் ஊர் ஊராகச் சுற்றின. அதற்கு முன்பே, ஜூலை 8 அன்று, ஹாம்பர்க் என்ற சிற்றூரில் ஆயுதம் ஏந்திய வெள்ளையர்கள் கறுப்பின உள்ளூர்ப் படையினரை முற்றுகையிட்டு ஆறு கறுப்பின ஆண்களைக் கொன்றார்கள். பிடிபட்ட பிறகு சுட்டுக் கொல்லப்பட்டவர்களும் அதில் உண்டு. சண்டையில் ஒரு வெள்ளையரும் இறந்தார்.

தேர்தல் முடிவு: ஹாம்ப்டன் 92,261, சேம்பர்லெய்ன் 91,127. வித்தியாசம் 1,134 ஓட்டு. எட்ஜ்ஃபீல்ட், லாரன்ஸ் என்ற இரண்டு கவுண்டிகளின் கணக்கைச் சேர்த்தால்தான் இந்த முடிவு. எட்ஜ்ஃபீல்டில் ஓட்டுப்போடும் வயதுள்ள ஆண்களைவிட விழுந்த ஓட்டு அதிகம். குடியரசுக் கட்சியினர் கையிலிருந்த ஓட்டு எண்ணும் வாரியம் அந்த இரண்டு கவுண்டிகளைத் தள்ளுபடி செய்தது. அப்படிச் செய்யும் அதிகாரம் உனக்கில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லி, வாரிய உறுப்பினர்களை நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்கு அனுப்பியது. மத்திய நீதிபதி ஒருவர் அவர்களை வெளியே விட்டார்.

அதன் பிறகு ஒரு மாநிலத்துக்கு இரண்டு சட்டசபை. 124 பேர் கொண்ட கீழ்ச்சபையில் எட்ஜ்ஃபீல்ட், லாரன்ஸின் எட்டு இடங்களை யார் நிரப்புவது என்பதில் தகராறு. குடியரசுக் கட்சியினர் மேக்கியைச் சபாநாயகராக்கினார்கள், ஜனநாயகக் கட்சியினர் வாலஸை. ஒரே மண்டபத்தில், ஒரே மேடையில், இரண்டு சபாநாயகர்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். இரண்டு தரப்பும் இரவிலும் வெளியே போகாமல் அங்கேயே படுத்துத் தூங்கின. எழுந்து போனால் மற்றவர்கள் கதவைச் சாத்திவிடுவார்களே என்ற பயம். நாலு நாள் இப்படிப் போன பிறகு வாலஸின் ஆட்கள் வேறு கட்டடத்துக்குப் போனார்கள். டிசம்பர் 6 அன்று மாநில உச்ச நீதிமன்றம் வாலஸின் சபையே சட்டப்படியானது என்று தீர்ப்பளித்தது. தங்களைத் தேர்ந்தெடுத்த கட்சிக்கு எதிராகவே அந்த நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இது. இதைச் சொல்லாமல் அடுத்த பகுதிக்குப் போவது நியாயமில்லை.

சேம்பர்லெய்ன் டிசம்பர் 7 அன்று கவர்னராகப் பதவியேற்றார். ஹாம்ப்டன் 14 அன்று கவர்னராகப் பதவியேற்றார். முன்னவருக்கு மத்திய ராணுவம் காவல். பின்னவருக்கு அதைவிடப் பலமான ஒன்று இருந்தது. போன வருட வரியில் பத்தில் ஒரு பங்கை எங்களுக்குக் கட்டுங்கள் என்று ஹாம்ப்டன் கேட்டார், நிலச் சொந்தக்காரர்கள் கட்டினார்கள். சேம்பர்லெய்னுக்கு யாரும் கட்டவில்லை. அலுவலகம் ஒருவரிடம், கஜானா இன்னொருவரிடம்.

இந்த நிலையில்தான் டில்டா நாரிஸ் என்ற சிறைக் கைதியின் வழக்கு வந்தது. 1877 பிப்ரவரியில் ஹாம்ப்டன் கவர்னர் என்ற முறையில் நாரிஸுக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். சிறை மேலாளர் அதை ஏற்கவில்லை, அவருக்குச் சேம்பர்லெய்ன்தான் கவர்னர். ஆட்கொணர்வு மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மன்னிப்புச் செல்லும் என்றால் ஹாம்ப்டன் கவர்னர். செல்லாது என்றால் சேம்பர்லெய்ன். ஒரு மாநிலத்தின் ஆட்சி யாருக்கு என்பது பெயரே யாருக்கும் தெரியாத ஒரு கைதியின் விடுதலைக் காகிதத்தில் தொங்கியது.

தலைமை நீதிபதி மோசஸ் அப்போது பக்கவாதத்தில் படுத்திருந்தார். மார்ச் 6 அன்று இறந்தும் போனார். மீதி இருவர்: வில்லர்ட், ரைட். இருவரும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு.

பிப்ரவரி 27 அன்று கைதியை விடுதலை செய்யும் உத்தரவில் வில்லர்ட்டோடு ரைட்டும் கையெழுத்திட்டார். உத்தரவு வெளியாவதற்குள், ஓரிரு நாளில், தன் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். ஹாம்ப்டன் முறையாகப் பதவியேற்ற கவர்னர் அல்ல என்பது அவர் நிலைப்பாடு. வில்லர்ட் ஏற்கவில்லை. போட்ட கையெழுத்து போட்டதுதான் என்று உத்தரவை அமல்படுத்தச் சொன்னார். கைதி வெளியே வந்தார்.

ஹாம்ப்டன் தரப்புச் சொன்னது: சேம்பர்லெய்னின் ஆட்கள் ரைட்டை மிரட்டினார்கள், குடிக்க வைத்தார்கள், மனம் மாறச் செய்தார்கள். பல காலம் புத்தகங்களில் நின்றதும் இதே கதைதான். கோழை, குடிகாரர், பிறர் கைப்பொம்மை.

ரைட் செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் யோசித்திருக்க வேண்டும். நீதிபதியின் கையெழுத்து இரண்டு நாளில் மாறக் கூடாது. ஆனால் சட்டக் கேள்வியைப் பாருங்கள். கவர்னர் தேர்தல் முடிவைச் சபாநாயகர் இரு சபைகளின் முன்னிலையில் திறந்து அறிவிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். வாலஸின் சபையோடு மேல்சபை கூடி உட்காரவில்லை. அப்படியானால் ஹாம்ப்டனின் வெற்றி முறையாக அறிவிக்கப்பட்டதா? சேம்பர்லெய்னின் வெற்றியும் முழுச் சபையின் முன் அறிவிக்கப்படவில்லையே? புதியவர் முறைப்படி வரும்வரை பழைய கவர்னர் நீடிப்பாரா? இரண்டு பக்கமும் நேர்மையான ஒரு நீதிபதி நிற்கக் கூடிய கேள்வி இது. ரைட் கடைசியாக வந்து சேர்ந்த இடம் சட்டப்படி பைத்தியக்காரத்தனமான இடம் அல்ல. அதோடு, அந்தக் குளிர்காலத்தில் மாநிலத் தலைநகரான கொலம்பியாவில் துப்பாக்கியோடு திரிந்தவர்கள் எந்தப் பக்கத்தில் அதிகம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு பக்கத்து மிரட்டலை மட்டும் எழுதி, இன்னொரு பக்கத்து மிரட்டலை எழுதாமல் விட்டது வரலாறு எழுதியவர்களின் தவறு.

ஆட்சியைக் கடைசியில் முடிவு செய்தது அந்த நீதிமன்றமும் அல்ல. புதிய ஜனாதிபதி ஹேய்ஸ் ஏப்ரல் 10 அன்று சட்டமன்றக் கட்டடத்திலிருந்து ராணுவத்தை விலக்கினார். அடுத்த நாளே சேம்பர்லெய்ன் அலுவலகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். வில்லர்ட்டும் வடக்கிலிருந்து வந்தவர்தான், குடியரசுக் கட்சிக் காலத்தில் வந்தவர்தான். ஹாம்ப்டன் பக்கம் நின்ற அவரைப் புதிய சட்டமன்றம் தலைமை நீதிபதியாகவே தேர்ந்தெடுத்தது. ரைட்மீது குடிப்பழக்கக் குற்றச்சாட்டைச் சுமத்திப் பதவிநீக்க நடவடிக்கை ஆரம்பித்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். ஆனால் அந்தச் சபையில் தீர்ப்பு என்ன வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். 1877 ஆகஸ்டில் ராஜினாமா எழுதினார், டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும் நீதிபதி, சட்டமன்றம் கை மாறியதும் போனார்.

அதே ஆண்டு தென் கரோலினா பல்கலைக்கழகத்தையும் மூடினார்கள். 1873 முதல் கறுப்பின மாணவர்கள் படித்துச் சட்டப் பட்டம் வாங்கிய இடம் அது. மூன்று ஆண்டு கழித்து வெள்ளையருக்கு மட்டும் என்று திறந்தார்கள்.

ரைட் சார்லஸ்டனுக்குப் போய் வக்கீல் தொழிலை ஆரம்பித்தார். குயீன் தெருவில் அலுவலகம். அங்கேயே கிளாஃப்லின் பல்கலைக்கழகத்தின் பெயரில் கறுப்பின இளைஞர்களுக்குச் சட்ட வகுப்பும் நடத்தினார். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டபோது அவர் செய்தது இது: தன் மேஜையைச் சுற்றி நாலு பையன்களை உட்கார வைத்துச் சட்டம் சொல்லித் தந்தது. அவர் வாழ்க்கையில் என்னை அதிகம் தொடும் இடம் இதுதான். மான்ட்ரோஸில் ஒரு சீனியரின் அலமாரியிலிருந்து அவர் எடுத்துப் படித்த முறையிலேயே, இப்போது இவர் அலமாரியிலிருந்து மற்றவர்கள் எடுத்துப் படித்தார்கள். திருமணம் செய்துகொள்ளவில்லை. காசநோயில் 1885 பிப்ரவரி 18 அன்று இறந்தார். வயது 45.

அவரோடு சன்னது பெற்ற எலியட் அதற்கு முந்தைய ஆண்டே நியூ ஆர்லியன்ஸில் வறுமையில் இறந்திருந்தார். விப்பர் மட்டும் 1895வரை போராடினார். அந்த ஆண்டு கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையைப் பறிப்பதற்கென்றே புதிய அரசியல் சட்டப் பேரவை கூடியது. 1868இல் 76 பேர் இருந்த இடத்தில் இப்போது ஆறே கறுப்பின உறுப்பினர்கள். விப்பரும் ராபர்ட் ஸ்மால்ஸும் அந்த ஆறில் இருந்தார்கள். எதிர்த்துப் பேசினார்கள், தோற்றார்கள். ஆனால் சட்டமன்றமே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை மட்டும் அந்தப் புதிய சட்டம் தொடவில்லை. இன்றுவரை தென் கரோலினாவில் அதுதான் நடைமுறை.

எர்னஸ்ட் ஃபின்னி என்பவரின் பெயரை இங்கே சொல்ல வேண்டும். ரைட் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வகுப்பு நடத்தினாரோ அதே கிளாஃப்லினில் 1952இல் பட்டம் பெற்றவர். கறுப்பினத்தவரைப் பழைய சட்டக் கல்லூரியில் சேர்க்காமல் இருப்பதற்காகவே மாநிலம் ஆரஞ்ச்பர்க்கில் தனியாக ஏற்படுத்திய சட்டக் கல்லூரியில் 1954இல் சட்டப் பட்டம் பெற்றார். வக்கீல் வேலையில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் ஆசிரியராகவும் உணவகத்தில் பரிமாறுபவராகவும் வேலை பார்த்தார். மர்டில் பீச்சில் ஒரு பெரிய ஹோட்டலில் தென் கரோலினா வழக்கறிஞர் சங்கத்தின் மாநாடு நடந்தது. கறுப்பின வக்கீல்களுக்கு அதில் இடமில்லை. சன்னது பெற்ற வக்கீலான ஃபின்னி அந்த மாநாட்டில் மற்ற வக்கீல்களுக்குச் சாப்பாடு பரிமாறினார்.

1972இல் அவர் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார், 1976இல் மாவட்ட அளவிலான நீதிபதி ஆனார். 1985இல் சட்டமன்றம் அவரை மாநில உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. ரைட்டுக்குப் பிறகு அந்த நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர். ரைட் இறந்து சரியாக நூறாவது ஆண்டு அது. ஒன்பது ஆண்டு கழித்து, 1994இல், மோசஸும் வில்லர்ட்டும் வகித்த தலைமை நீதிபதி பதவிக்கும் ஃபின்னி வந்தார்.